அந்தோணிசாமியின் இடுப்பில் இருந்த இரும்பு

1. ஜன்னலில் பிடித்த படம்

அன்று திங்கட்கிழமை. மனுவோடு வருகிறவர்கள் அதிகம் இருக்கிற நாள். நான் நாற்காலியில் உட்காரும் முன்பே ஒரு அம்மாள் பெரிய எக்ஸ்ரே கவரோடு என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். திருவரங்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். பேர் சவரியம்மாள். கவரிலிருந்து படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இந்தா, வெள்ளை வெள்ளையாத் தெரியுதுல்ல. இது லாரி இரும்பா, குண்டு இரும்பான்னு நீங்கதான்ம்மா சொல்லணும்."

எங்களுடையது முன்னாள் ராணுவத்தினருக்கான மாவட்ட அலுவலகம். பென்ஷன், பிள்ளைகள் படிப்பு உதவி, விதவைச் சான்று என்று எத்தனையோ கேட்டு வருவார்கள். எக்ஸ்ரே பார்க்கச் சொல்லி யாரும் வந்ததில்லை. படத்தில் இடுப்பெலும்பைச் சுற்றி அரிசி இறைத்த மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன.

விஷயம் இதுதான். அவர் கணவர் அந்தோணிசாமி எழுபத்தொன்றாம் வருடப் போரில் இருந்தவர். கால் முடியாமல் சில வருடத்திலேயே படையிலிருந்து வெளியே வந்து விவசாயம் பார்த்தார். இடுப்பு வலி இப்போது மிஞ்சிப்போய், ராணுவத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்று ஆரம்பித்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்ததும், உள்ளே இவ்வளவு இரும்பு இருக்கும்போது காந்தம் உள்ள அந்த மெஷினுக்குள் அனுப்பவே கூடாது என்று சொல்லிவிட்டார். லாரி விபத்தில் உடம்புக்குள் இரும்பு இப்படித் தூள் தூளாகப் போகாது, பீரங்கி செல் வெடித்தால்தான் போகும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"எனக்குக் கல்யாணமான நாள்லேர்ந்து லாரி கவுந்துச்சுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்காங்க" என்றார் சவரியம்மாள்.

அவர் மஞ்சள் பையில், படையை விட்டு வந்தபோது கணவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கும் இருந்தது. அதில் காயத்துக்கு நேராக 'பிசிக்கல் காஷுவல்டி' என்று போட்டிருந்தது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எதிரியின் குண்டோ வெடியோ பட்டுக் காயமானால் அது 'பேட்டில் காஷுவல்டி'. வண்டி கவிழ்ந்தாலோ வழுக்கி விழுந்தாலோ அது 'பிசிக்கல் காஷுவல்டி'. முதல் வகைக்கு மட்டும்தான் போர்க்காயப் பதக்கம் உண்டு. ஒரு வார்த்தைதான் வித்தியாசம். அந்த வார்த்தையை மாற்றுவது லேசான காரியம் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவரை அழைத்து வரச் சொன்னேன்.

2. "எழுத வேண்டாம்"

அந்த வாரமே இருவரும் வந்தார்கள். அந்தோணிசாமி நல்ல உயரம். கைத்தடியை ஊன்றி, ஒரு காலைக் கொஞ்சம் வெளியே வீசி நடந்தார். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பது கஷ்டம் என்று சுவரோரமாகச் சாய்ந்துகொண்டார். படத்தைக் காட்டியதும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "லாரிதாம்மா" என்றார்.

டாக்டர் சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். படையின் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"எழுத வேண்டாம்மா. இத்தனை வருசம் இருந்தது அப்படியே இருந்துட்டுப் போவுது."

நான் ஃபைலை மூடத்தான் கையை வைத்தேன். சவரியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டார். "ஆபீசுல சொல்லாட்டிப் போங்க. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தடியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நடந்தது இப்படி.

கிழக்கு எல்லையில் ஒரு நாள் விடிகிற வேளையில் எதிரியின் செல் அவர் அருகே விழுந்து வெடித்தது. இடுப்பில் சிதறல் பாய்ந்து கிடந்தார். கொஞ்ச தூரத்தில் குண்டுப்பெட்டி லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் முத்துக்கருப்பன், விராலிமலைக்காரர். இருவரும் திருச்சியில் ஒரே நாளில் ஆள்சேர்ப்பில் தேறி ஒன்றாக ரயில் ஏறியவர்கள். உத்தரவு வராமல் லாரியை அந்த இடத்தைவிட்டு எடுக்கக் கூடாது. முத்துக்கருப்பன் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சிநேகிதனைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு மருத்துவ முகாமை நோக்கி ஓட்டினார். வழியில் வாய்க்கால் கரை இடிந்து லாரி வயலுக்குள் கவிழ்ந்தது. அந்தோணிசாமியின் தொடையெலும்பு முறிந்தது அப்போதுதான்.

பிறகு விசாரணை வைத்தார்கள். லாரியில் ஏறும் முன்பே காயம் என்று சொன்னால், உத்தரவை மீறி லாரியை எடுத்தது வெளியே வந்துவிடும். சண்டை நேரத்தில் அது பெரிய குற்றம். ஆகவே, பெட்டி எடுத்துவர உத்தரவு வந்தது, நானும் லாரியில் போனேன், கரை இடிந்து கவிழ்ந்தது, பட்டதெல்லாம் அதில்தான் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் சில சிதறல்களை எடுத்தார்கள். மிச்சம் ஆழத்தில் கிடந்தது. விசாரணையில் பதிந்ததே புத்தகத்தில் ஏறிவிட்டது.

"அவன் தூக்கலேன்னா நான் அங்கனயே முடிஞ்சிருப்பேன். அவனை நான் மாட்டிவிட முடியுமா?"

சவரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு, முத்துக்கருப்பன் அண்ணனிடம் தான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டார்.

"சொல்லலாம். எழுதிக் குடுன்னு கேக்கக் கூடாது" என்றார் அந்தோணிசாமி.

3. விராலிமலை

விராலிமலையில் ஒரு விதவை பென்ஷன்தாரரை நேரில் பார்த்துச் சரிபார்க்க வேண்டிய வேலை எனக்கும் இருந்தது. அதே நாளில் சவரியம்மாளையும் வரச் சொன்னேன். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம்.

வழியில் அவர் தன் மாமனாரைப் பற்றிச் சொன்னார். சண்டைக்குப் போன பிள்ளை சண்டையில் அடிபடாமல் லாரியில் விழுந்து வந்தான் என்று அந்த மனிதருக்குத் தீராத குறை. விருந்தாளி வந்தால் அவர்கள் முன்னாலேயே சொல்வாராம். கண் மூடுகிற வரை அந்தப் பேச்சை விடவில்லை. அந்தோணிசாமி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னதில்லை. எழுந்து வயலுக்குப் போய்விடுவார்.

"மாமா சொன்னதாவது போகட்டும். ஒருக்கா எங்களுக்குள்ள சண்டை வந்தப்ப நானும் சொல்லிப்புட்டேன்ம்மா. லாரியில ஒழுங்கா ஒக்காரத் தெரியாத ஆளுன்னு. அன்னைக்கும் ஒண்ணும் சொல்லாம சோத்தைத் தின்னுட்டு எந்திரிச்சுப் போனாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸ் ஆள் அப்படிச் செய்யலாமா என்று அப்போது தோன்றவில்லை.

முத்துக்கருப்பன் தன் மகள் செல்வியோடு ஹைவேயிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு வீட்டில் இருந்தார். படையில் முழு சர்வீஸ் முடித்துவிட்டு வந்து, கண் பார்வை குறைகிற வரை பஸ் ஓட்டியவர். சவரியம்மாளைப் பார்த்ததும் "வா தங்கச்சி, அந்தோணி வரலியா?" என்று வாசலைப் பார்த்தார். செல்வி டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

சவரியம்மாள் கணவர் சொல்லி அனுப்பியபடியே நடந்துகொண்டார். எக்ஸ்ரே எடுத்தது, அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது, புத்தகத்தில் லாரி விபத்து என்று இருப்பது, அதனால் பதக்கம் கிடைக்காதது என எல்லாம் சொன்னார். எதையும் கேட்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

முத்துக்கருப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மெடலு அப்பவே வந்திருக்கும்னுல்ல நெனைச்சிருந்தேன். இரும்பு எடுத்த டாக்டரு எழுதியிருப்பாருன்னு. கல்யாணம், காதுகுத்துன்னு எத்தனையோ தடவை பாத்துக்கிட்டோம். அவன் காலை வீசி வர்றப்ப நான் அங்கிட்டுத் திரும்பிக்குவேன் தங்கச்சி. அதைப் பத்தி ஒரு நாளும் பேசுனதில்ல."

பிறகு என் பக்கம் திரும்பி, தான் உள்ளதை எழுதிக் கொடுத்தால் புத்தகத்தில் மாறுமா என்று கேட்டார். மாறலாம், நிச்சயமில்லை என்றேன். அதுவரை நின்றுகொண்டிருந்த செல்வி குறுக்கே வந்தாள். அப்பாவின் பென்ஷனில் கை வைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். கணவர் இறந்து இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டில் இருப்பவள். இவ்வளவு காலம் கழித்து அப்படி நடந்து நான் பார்த்ததில்லை, ஆனால் நடக்கவே நடக்காது என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

சவரியம்மாள் எழுந்து செல்வியின் தோளைத் தொட்டார். "ஒண்ணும் எழுத வேணாம் ஆத்தா. அப்பாவை நல்லாப் பாத்துக்க. நான் வாரேன்" என்றார்.

நாங்கள் வாசல் தாண்டவில்லை. "தங்கச்சி, நில்லு" என்றார் முத்துக்கருப்பன். பிறகு மகளிடம் சொன்னார். "அவன் எனக்காகப் பொய் சொன்னப்ப அவனுக்கு இருபத்தொரு வயசு செல்வி. கால் ஒடிஞ்சு கெடந்தான். எனக்கு இப்ப என்ன போவப்போவுது? நான் எழுதுறேன்."

செல்வி உள்ளே போய் அவர் கண்ணாடியை எடுத்துவந்து கொடுத்தாள்.

4. மனு போன வழி

முத்துக்கருப்பன் நடந்ததை உறுதிமொழியாக எழுதி, நோட்டரி முன்னால் அஃபிடவிட் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் அந்தோணிசாமி இரண்டு மூன்று நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். அப்புறம் விராலிமலைக்குப் போன் போட்டு, உன்னை யார் எழுதச் சொன்னது என்று ஒரே ஏச்சு. அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. கடைசியில், சரி, உன் இஷ்டம் என்று சொல்லி அந்தோணிசாமி போனை வைத்ததாக சவரியம்மாள் சொன்னார்; மனுவில் அவரே வந்து கையெழுத்துப் போட்டார்.

முதல் மனு திரும்பி வந்துவிட்டது. காலம் கடந்த கோரிக்கை, பழைய விசாரணையை மறுபடி திறக்க இயலாது என்று இரண்டு வரி. எங்கள் அதிகாரி, அவரும் முன்னாள் ராணுவத்தார், இதில் நமக்கு நேரம் போவதுதான் மிச்சம் என்றார். நான் அஃபிடவிட்டை அவர் மேசையில் வைத்து, ஒரு தடவை படித்துவிட்டுச் சொல்லுங்கள் சார் என்றேன். மத்தியானம் கூப்பிட்டார். "நீங்க எழுதுற லெட்டரோட என் லெட்டரும் போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாவது மனு போனபின் மெடிக்கல் போர்டுக்கு வரச் சொன்னார்கள். அங்கேயிருந்த டாக்டர்கள் இடுப்பில் இருப்பது செல் சிதறல்தான், பழைய காயம்தான் என்று கருத்து எழுதினார்கள். அதற்கப்புறமும் வெகுநாள் சத்தமில்லை. அந்த நாட்களில் செல்வி அடிக்கடி போன் செய்வாள். அப்பா பேரில் ஏதாவது கடிதம் வந்ததா என்று கேட்பாள். இல்லை என்றதும் வைத்துவிடுவாள்.

கடைசியில் பதில் வந்தது. 'பிசிக்கல்' என்று இருந்ததை 'பேட்டில்' என்று திருத்தியிருந்தார்கள். போர்க்காயப் பதக்கத்துக்கு ஒப்புதலும் இருந்தது. முத்துக்கருப்பன் மேல் நடவடிக்கை ஏதும் கிடையாது என்று கடைசியில் ஒரு வரி. நான் முதலில் போன் செய்தது திருவரங்குளத்துக்கு இல்லை, செல்விக்கு. அவள் அழுதாள். நானும்தான்.

5. சட்டை

கலெக்டர் ஆபீஸ் விழாவில் வைத்துக் கொடுக்கலாம் என்று சொல்லிப் பார்த்தோம். அந்தோணிசாமி அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்று மறுத்துவிட்டார். பதக்கம் வந்ததும் அதிகாரியிடம் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுபோனேன். சர்ச்சில் பூசை முடிந்து அவர்கள் வீடு திரும்பியிருந்த நேரம். முத்துக்கருப்பனும் செல்வியும் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். கோழிக் குழம்பு வாசனை தெரு வரை வந்தது.

பெட்டியைத் திறந்து நீட்டினேன். அந்தோணிசாமி பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "இருங்க, சட்டை போட்டுக்கிறேன்" என்றார். சவரியம்மாள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, பதக்கத்தைக் குத்தப் பார்த்தார். ஊசி துணிக்குள் போகவில்லை. முத்துக்கருப்பன் பக்கத்தில் வந்து சட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் குத்த முடிந்தது.

குத்தி முடித்தும் சவரியம்மாள் அங்கேயே நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அன்னைக்கு ரொம்ப வலிச்சுதாங்க?"

அந்தோணிசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். இதுவரை யாருமே அவரிடம் அதைக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

"வலிச்சுது சவரி" என்றார். "லாரி குலுங்கக் குலுங்க உசுரு போச்சு. இவன் முன்னால ஒக்காந்து அழுதுக்கிட்டே ஓட்டுறான். நான்தான் பின்னால கெடந்து, மெதுவாப் போடான்னு கத்துறேன்."

"எனக்கு எங்க காதுல விழுந்துச்சு" என்றார் முத்துக்கருப்பன்.

மூவரும் சிரித்தார்கள். சிரிப்பு நிற்கும்போது அவர்கள் முகம் நனைந்திருந்தது. செல்வி எல்லாருக்கும் இலை போட்டாள். சாப்பிடும்போது அந்தக் காலை நேரத்தைப் பற்றி இருவரும் சவரியம்மாளுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அவர் கேட்டுக்கொண்டே பரிமாறினார். கை கழுவ எழுந்தபோது முத்துக்கருப்பன் சிநேகிதனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அந்தோணிசாமி காலை வீசி வீசி நடந்தார். முத்துக்கருப்பன் அங்கிட்டுத் திரும்பவில்லை.

இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேண்டும் என்று கேட்பார்கள். அபூர்வமாக ஒருவர் வேண்டாம் என்பார். நமக்கு வேலை மிச்சம் என்று ஃபைலை மூடிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. உடனே மூடாதீர்கள். அவரை உட்கார வைத்து, கூட வந்தவரையும் பேச விட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். யாருக்காக வேண்டாம் என்கிறார் என்பது அப்போதுதான் தெரியவரும்.