குயினுக்கு ஒரு சத்தியம்

ஷேவிங் நுரையின் எலுமிச்சை வாசனை எங்கே வந்தாலும், எனக்குக் கனடாவில் நாங்கள் முதலில் இருந்த மல்வேர்ன் வீட்டுக் குளியலறைக் கதவும் அதற்குப் பின்னால் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் சத்தியம் செய்து பழகும் அப்பாவின் குரலும்தான் நினைவுக்கு வரும். கனடாக் குடியுரிமை எடுக்கிறவர்கள், இராணிக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று நீதிபதி முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "ஓத்". பத்து வயதுக்காரியான எனக்கு அது தலைகீழ்ப் பாடம். கதவுக்கு வெளியே நிலத்தில் இருந்துகொண்டு அப்பாவுக்கு அடியெடுத்துக் கொடுப்பேன். தொடக்கம் நன்றாகத்தான் வரும். "குயின்" வருகிற இடத்தில் மட்டும் மனிசன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவார்.

எனக்கோ குயின் என்றால் உயிர். பள்ளிக்கூட ஜிம்மில் தொங்கிய படத்தில் அவர் போட்டிருந்த முத்துமாலையைப் பார்த்துக்கொண்டே பந்தைத் தவறவிட்டு எத்தனை தரம் ஏச்சு வாங்கியிருப்பேன்! அம்மாவுக்கும் அவரில் ஒரு வாரப்பாடு. "என்ன அடக்க ஒடுக்கமா இருக்கிறா பாருங்கோ" என்பார். அப்பா சீறுவார். "அவவின்ரை ஆக்கள்தான் நாட்டை விட்டு வெளிக்கிடேக்கை எங்களைக் கொண்டுபோய்ச் சிங்களவன்ரை கையிலை குடுத்திட்டுப் போனவை. அவவுக்கு நான் சத்தியம் செய்யவோ?"

போதாக்குறைக்கு மெல்பேர்னிலிருந்து அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, போன் எடுப்பார். அவர் அவுஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தபோது நாட்டுக்கும் மக்களுக்கும் மட்டும்தான் வாக்குக் கொடுத்தாராம். இராணியின் பெயரை அங்கே எப்போதோ எடுத்துவிட்டார்களாம். "இஞ்சை அவ காசிலைதான் இருக்கிறா, வாயிலை இல்லை. நீங்கள் இன்னும் வெள்ளைக்காரன்ரை காலத்திலை நிக்கிறியள்" என்று சிரிப்பார். பெரியப்பா சிரித்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்க மாட்டோம்.

அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி. சத்தியம் செய்ய வரச்சொல்லிக் கடிதம் வந்த கிழமைதான் ஊரில் சண்டை முடிந்தது. அப்பாவின் ஒரே தங்கை தவமணி மாமியும், என் வயதுடைய அவர் மகளும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசியில் ஒருமுறை பேசியதோடு சரி. அப்பா பாண் சுடும் பக்டரி வேலைக்கும் போகாமல் டிவிக்கு முன்னாலேயே கிடந்தார். "எனக்கொரு சிற்றிசனும் வேண்டாம்" என்று கடிதத்தைத் தூக்கி எறிந்தார்.

பிறகு ஒருநாள் வவுனியாவிலிருந்து தெரிந்த ஒருவர் போன் எடுத்தார். முகாம் பட்டியலில் தவமணி என்றொரு பெயர் இருக்கிறதாம், கூடவே ஒரு பெண்பிள்ளையாம். அம்மா அந்தக் கடிதத்தை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தார். "அகதியா வந்த பேப்பரோடை அங்கை காலடி வைக்கேலுமே? கனடாப் பாஸ்போட் இருந்தால்தான் போய்த் தேடலாம். குயினோ கியினோ, சொல்லிப்போட்டு வாங்கோ." அன்றுதான் எங்கள் குளியலறைப் பாடம் தொடங்கியது. கடைசி நாள்வரை அது குயினைத் தாண்டவேயில்லை.

விழா மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று, வலக்கையை உயர்த்தி, நீதிபதி சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னோம். வாயசைக்காமல் நிற்பவர்களைக் கண்டுபிடிக்கவென்றே ஓர் அதிகாரி அம்மா வரிசை வரிசையாக நடந்து வந்தார். அவர் எங்கள் வரிசைக்கு வரவும் குயினின் இடம் வரவும் சரியாக இருந்தது. அப்பாவின் வாய் மூடியிருந்தது. ஐயோ, மாமியை இனி யார் கூட்டிவருவது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, சொல்லுங்கோ" என்று அவர் கையைக் கிள்ளினேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு உரத்துச் சொன்னார். இராணியின் பெயர் வரவேண்டிய இடத்தில் "தவமணி" என்றார். தவமணிக்கும் அவளுடைய வாரிசுகளுக்கும் உண்மையாக இருப்பேன் என்று ஒரு சொல் பிசகாமல் முடித்தார். அத்தனை குரல்களுக்குள் அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. அதிகாரி அம்மா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அப்பால் போனார். பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போகப்போகிறது என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, அப்பா குனிந்து, "பொய்ச் சத்தியம் செய்யப்படாது, பிள்ளை" என்றார். அம்மாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

அடுத்த வருடம் புதுப் பாஸ்போட்டோடு அப்பா வவுனியாவுக்குப் போனார். பட்டியலில் இருந்தது வேறு யாரோ ஒரு தவமணி. அந்தப் பெண்ணின் வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். எங்கள் மாமியையும் மகளையும் பற்றி இன்றுவரை ஒரு சேதியும் இல்லை.

போன மாதம், மார்க்கம் நகரில் இருக்கும் என் வீட்டில், சென்னையில் பிறந்த என் கணவர் குடியுரிமை எடுத்தார். மண்டபமும் இல்லை, வரிசை வரிசையாக நடந்து வாயைப் பார்க்கும் அதிகாரியும் இல்லை. சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்து, திரையில் தெரிந்த நீதிபதி முன்னால் அரசருக்குச் சத்தியம் செய்துவிட்டுத் தோசை சாப்பிட்டார். பெரியப்பா வழக்கம்போல் போனில் வந்து, தங்கள் புது ஐந்து டொலர் தாளில் அரசரின் படமே வராதாம் என்று சிரித்தார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பழைய சீற்றம் எங்கே போனதென்று தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அது இல்லாதது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது.

"அப்போ குயினுக்குச் சத்தியம் பண்ணினவங்க எல்லாரும் மறுபடி பண்ணணுமா?" என்று கணவர் கேட்டார். தேவையில்லை, இராணி இறந்ததும் அது தானாகவே வாரிசுக்குப் போய்விடும் என்றேன்.

அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "குயின் செத்தது உலகத்துக்கே தெரியும், பிள்ளை. தவமணி செத்துப்போனாள் எண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார்.