குடிக்காதவன் கையில் பாட்டில்

எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சாப்பாட்டுக்கூடம் எங்கே என்று கேட்டுத்தான் போக வேண்டும். 'ரூம்' எங்கே என்று கேட்கவே வேண்டாம். வரவேற்பு நடக்கும்போது வெள்ளை வேட்டிகள் எந்தப் படியில் ஏறுகின்றன என்று பார்த்தால் போதும். அந்த அறைக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பாட்டில் குடிக்காதவன் கையில்தான் இருக்க வேண்டும். குடிக்கிறவன் ஊற்றினால் தன் கிளாஸில் ஒரு விரல் கூடுதலாக விழுந்துவிடும் என்ற பயம். எந்தப் புண்ணியவான் போட்ட சட்டமோ, என் மச்சினி கல்யாணத்தில் அது என் தலையில் விடிந்தது.

நான் அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை. மறுநாள் காலை முகூர்த்தம் என்பதால் அன்று மாலை வரவேற்பு. புதுச்சட்டையோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாற்காலி சூடாவதற்குள் என் மனைவியின் சித்தப்பா வந்து தோளைத் தொட்டார்.

"மாப்ள, கொஞ்சம் மேல வாங்க. சம்பந்தி மிலிட்டரியில இருந்தவரு. பட்டுக்கோட்டையிலேருந்து ஆளுங்களோட வந்திருக்காரு. மரியாதையா கவனிக்கணும்."

"எனக்கு அதெல்லாம் பழக்கமில்லீங்களே மாமா."

"அதனாலதான் கூப்பிடுறேன். லேப்ல தினமும் அளந்து அளந்து ஊத்துறவருதானே நீங்க!"

படிக்கட்டின் கீழே என் மனைவி வழிமறித்தாள். "அப்பாவும் மேலதான் இருக்காரு. சம்பந்தி கூப்பிட்டா போகாம இருக்க முடியாது. அவரு வாயில ஒரு சொட்டு பட்டுச்சுன்னாலும் நான் உங்களைத்தான் கேப்பேன்."

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் கல்யாணத்தன்று மாமனார் வயலில் போர்செட் மோட்டார் கொட்டகையில் போதையில் விழுந்து கிடந்தார். தாரை வார்த்துக் கொடுத்தது சித்தப்பாதான். மணவறையில் உட்கார்ந்து அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு மாமனார் கோயிலில் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டார். அன்றோடு நிறுத்தினார். இந்தப் பெண்ணையாவது அவர் தன் கையால் தாரை வார்க்க வேண்டும் என்பதுதான் என் மனைவியின் ஒரே ஆசை.

அறைக்குள் போனதும் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. குழந்தைகள் ஓடி வந்துவிடும் என்று ஒருவர் கதவில் முதுகைச் சாய்த்து நாற்காலி போட்டுக்கொண்டார். என் முன்னால் ஒரு ஸ்டூல், மிலிட்டரி ரம், கோலா, பிளாஸ்டிக் கிளாஸ்கள். ஜன்னலும் திறக்கவில்லை. ஊற்றுகிறவன் நகர முடியாது. ஒருவருக்குத் தண்ணீர் அதிகம், இன்னொருவருக்கு ஐஸ் குறைவு. பி.எஸ்சி. படித்ததற்கு இதுதான் பலன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கலந்தேன்.

மாமனார் கட்டில் ஓரத்தில் மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியாமல் அவருக்கு வெறும் கோலாவை ஊற்றிக் கொடுத்தேன். நிறத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் மோந்து பார்த்துவிட்டு, லேசாகத் தலையசைத்தார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அப்போது சம்பந்தி எழுந்து நின்றார். "எல்லாரும் எந்திரிங்க. உக்காந்து குடிச்சா அது பழக்கம், நின்னு குடிச்சாத்தான் மரியாதை. எங்க ரெஜிமென்ட்ல இதை டோஸ்ட்டுன்னு சொல்லுவோம். பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கணும்!"

எல்லோரும் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்கள். கிளாஸ்கள் உயர்ந்தன. "இருங்க" என்றார் சம்பந்தி. அவர் கண் கலங்கியிருந்தது. "நிச்சயத்தன்னைக்கு நாம தட்டு மாத்திக்கிட்டோம்ல சம்பந்தி? அதே மாதிரி இதையும் மாத்திக்குவோம்."

மாற்றியே விட்டார். கோலா அவர் கைக்குப் போனது. ரம் மாமனார் கைக்கு வந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன். உண்மையைச் சொன்னால், வெறும் கோலாவை வைத்துக்கொண்டு சம்பந்தியை ஏமாற்றினார் என்று மாமனாருக்குக் கெட்ட பெயர். சொல்லாவிட்டால், நாளைக்கு மறுபடியும் சித்தப்பாதான் தாரை வார்ப்பார். மாமனார் என்னைப் பார்த்தார். காப்பாற்று என்கிறாரா, கண்டுகொள்ளாதே என்கிறாரா என்று புரியவில்லை. வாசனை அவர் மூக்கில் ஏறுவது மட்டும் தெரிந்தது. கை மெல்ல மேலே போனது. அதை யாரும் தள்ளவில்லை, அதுவாகத்தான் போனது.

பாய்ந்து பிடுங்கினேன். பிடுங்கிய கிளாஸை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரே மடக்கில் குடித்தேன். தொண்டை முதல் வயிறு வரை எரிந்தது.

அறையே வெடித்துச் சிரித்தது. "இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு இருந்தாருய்யா!" என்று கத்தினார் ஒருவர். "அதுக்காக மாமனார் கையிலேருந்தா பிடுங்குறது?" என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

சம்பந்தி தன் கிளாஸில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். கிளாஸைப் பார்த்தார். மாமனாரின் மணிக்கட்டுக் கயிற்றைப் பார்த்தார். பிறகு விறைப்பாக நின்று மிச்சத்தையும் குடித்து முடித்தார். "நல்லா கலந்திருக்கீங்க தம்பி" என்றார். அந்த மனிதருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

ஆற்றில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர நாளாகும். இந்தச் செய்தி நான் படியிறங்குவதற்குள் கீழே வந்துவிட்டது. பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்பார்கள். நான் குடித்ததோ பால்கூட இல்லை. மனைவி அருகில் வந்து மோந்தாள்.

"நீங்களுமா?"

மாமனார் எனக்குப் பின்னால்தான் இறங்கிக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். துண்டைச் சரிசெய்துகொண்டு பந்திக்குப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் நடந்ததை நானே சொல்வதென்றால், அவர் கை மேலே போனதையும் சொல்ல வேண்டும். அதை அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காலையில் மாமனார் குளித்து, பட்டு வேட்டி கட்டி மணவறையில் நின்றார். மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். கை நடுங்கவே இல்லை. பக்கத்தில் என் மனைவி தேம்பித் தேம்பி அழுதாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பாத்தீங்களா, எங்கப்பா நிக்கிறாரு. இனிமே உங்களைத்தான் பாத்துக்கணும் போலருக்கு."