மூடியில் வைத்த பொட்டு

ஒரகடத்தில் லாரி டீசல் டேங்குக்கு மூடியும் பட்டையும் விற்கும் உச்சிமாகாளிக்கு டிரைவர்கள் வைத்த பெயர் ‘ஊதல் மாகாளி’. எந்த மூடியையும் வாயில் வைத்து ஊதிப் பார்க்காமல் அவர் விற்கமாட்டார். டீசல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போகவேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அது அடைபட்டால் ஓடுகிற வண்டி டீசல் கிடைக்காமல் நடுரோட்டில் நின்றுவிடும். பின்னால் கண்டெய்னர் வந்தால் என்ன ஆகும் என்று அவர் விவரிக்க ஆரம்பித்தால், மூடி வாங்க வந்தவன் வேறு கடைக்கு ஓடிவிடுவான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனுஷன் இத்தனை பயத்தை எந்தப் பையில் போட்டு எடுத்துவந்தாரோ தெரியாது.

ஆயுத பூஜை அன்று காலையில் படப்பை பரசுராமன் தன் லாரியோடு வந்தார். நிறுத்திவைத்த இடத்தில் டீசலைத் திருடிவிட்டார்களாம், பூட்டு மூடி வேண்டும் என்றார். மாகாளி மலிவானதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வாஷர் கெட்டியாக இருந்த ஒன்றை ஊதிப் பார்த்து மாட்டினார். டேங்கைப் பிடித்திருக்கும் பட்டைக்கு அடியில் ரப்பர் தேய்ந்திருந்தது, அதையும் மாற்றினார். மாகாளியின் மனைவி இசக்கிசெல்வி பூஜையை முடித்துச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். புது மூடியின் நடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமம் இட்டாள். பரசுராமன் கும்பிட்டார். டீசலை விளிம்புவரை நிரப்பி, லோடு ஏற்றிக்கொண்டு, மதியம் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடை வாசலில் மாதிரிக்குத் தொங்கிய மூடியை மாகாளி பழக்கதோஷத்தில் எடுத்து ஊதினார். காற்று போகவில்லை. அதிலும் செல்வி பொட்டு வைத்திருந்தாள். சந்தனம் காய்ந்து சிமெண்டாகத் துளையை அடைத்திருந்தது.

மாகாளி பாய்ந்து போனை எடுத்தார். பரசுராமனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

“ஏட்டி, பைக்ல ஏறு. பின்னால உக்காந்து போன் போட்டுக்கிட்டே வா.”

வழியெல்லாம் செல்வி போன் போட்டுக்கொண்டே வந்தாள். எதிரே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனபோது மாகாளி பைக்கை இன்னும் முறுக்கினார். வாலாஜாபாத்துக்குச் சற்று முன்னால் லாரிகள் வரிசையாகத் தேங்கி நின்றன. தூரத்தில் கூட்டம் தெரிந்தது. “போச்சு, ஒரு குடும்பத்தையே கெடுத்துட்டோம்” என்று அவர் முனகினார்.

பரசுராமனின் லாரி வளைவில் நடுரோட்டில் நின்றது. பின்னால் வருகிற வண்டிகளுக்கு அடையாளமாக யாரோ மரக்கிளையை ஒடித்துப் போட்டிருந்தார்கள். பரசுராமன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார்.

“இன்னா மாகாளி, நீ எங்க இங்க? வண்டி திடீர்னு இழுக்கல, அப்படியே நின்னுடுச்சு. பின்னாடி வந்த பஸ்காரன் மயிரிழைல ஒடிச்சிகினு பூட்டான்.”

“சாவியக் குடுங்க அண்ணாச்சி.”

மூடியைத் திறந்ததும் காற்று புஸ்ஸென்று உள்ளே பாய்ந்தது. மாகாளி ஊசியால் சந்தனத்தைக் குத்தி எடுத்தார். எஞ்சினுக்கு டீசல் ஏற்றும் கைப் பம்பை அடித்ததும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பரசுராமன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வருவதற்குள், மாகாளி ரோட்டோரத்தில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

“சரி, வா. வீட்டுக்குப் போவம்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

செல்வி பைக்கில் ஏறவில்லை.

“காலைல நம்ம வாசல்ல வந்து நின்ன எல்லா வண்டி மூடிக்கும் வச்சேங்க. நல்லபடியாப் போய்ட்டு வரட்டும்னுதான் வச்சேன்.”

“யார் யார் வண்டி?”

“தெரியலியே. முன்னப்பின்ன பாக்காதவங்கதான் நெறையப் பேரு.”

தேங்கி நின்ற லாரிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. எல்லா வண்டியிலும் வாழைக்கன்று, மாலை, கண்ணாடியில் சந்தனம். இருவரும் கையை நீட்டி மறித்துக்கொண்டே டேங்க் மூடிகளைத் தேடினார்கள். பூஜைக் காசு கேட்கிறார்கள் என்று நினைத்து டிரைவர்கள் சில்லறையை வீசிவிட்டு வேகமெடுத்தார்கள்.