பையனுக்காக வாங்கிய அமுக்கு கிளிப்

போன வாரம் வீட்டில் மின்விசிறி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன், கூரையிலிருந்து தொங்கிய ஒயர்களை ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டில் சொருகி, அதன் நாக்கை மடக்கினார். டக். அவ்வளவுதான், வேலை முடிந்தது. டேப் இல்லை, முறுக்கல் இல்லை, ஈயம் பற்றவைக்கும் புகை இல்லை. அந்த 'டக்' என்னை நேராகக் காந்திபுரத்தில் காதர் பாய் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு முப்பத்தொரு வயது. மோட்டார் பம்பு கம்பெனியில் டிராயிங் போடும் வேலை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வீட்டின் பின்பக்கம் ஒற்றை அறை. பார்த்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய், அம்மாவே அலுத்து அந்தப் பேச்சை விட்டிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம். சனிக்கிழமை சாயங்காலம் "வாரனுங்க" என்று யாரிடமாவது சொல்லிவிட்டுக் கிளம்பினால், அடுத்த பேச்சு திங்கட்கிழமை காலையில்தான். நடுவில் மெஸ்ஸில் "இன்னொரு தோசைங்க" என்று சொல்வதைப் பேச்சுக் கணக்கில் சேர்க்க முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான் ரயில் வாங்கினேன். மெட்ராஸ் போனபோது பர்மா பஜாரில் கிடைத்த பழைய பொம்மை ரயில். ஓர் எஞ்சின், மூன்று பெட்டி, ஒரு மூட்டைத் தண்டவாளம். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிளைவுட் பலகையில் தண்டவாளத்தை வட்டமாகப் பதித்தேன். கரண்ட் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் பக்கம் பாய்ந்து ஓடும் எஞ்சின், எதிர்ப்பக்கம் போனதும் திணறும். அந்தக் கோடிவரை கரண்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. நாலு இடத்தில் தனித்தனியாக ஒயர் கொடுக்க வேண்டும். பற்றவைக்கலாம் என்றால், வீட்டுக்கார அம்மா முதல் நாள் புகைக்கே கதவைத் தட்டி, "ஏனுங்க தம்பி, ஊட்டைக் கொளுத்திப்போடாதீங்க" என்று கும்பிட்டுவிட்டார்.

காதர் பாய் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் சாமான்கள் விற்பவர். ஐம்பது வயதிருக்கும். பற்றவைக்காமல் ஒயர் சேர்க்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். மேசையில் மூன்றைப் பரப்பினார். ஸ்க்ரூ வைத்த வெள்ளைக் கனெக்டர். ஒயர் நுனியில் குறடால் நசுக்கி மாட்டும் 'லக்' என்ற உலோகத் துண்டு. ஸ்பீக்கர் பெட்டியின் முதுகில் இருக்குமே, அமுக்கினால் வாய் திறக்கும் சிவப்பும் கறுப்புமான கிளிப், அது. என் கை வெள்ளைக் கனெக்டருக்குத்தான் போனது.

"எதுக்குங்க சார்?"

"பொம்மை ரயிலுக்குங்க."

"யாருக்குங்க?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீசை வைத்த ஆள் எனக்குத்தான் என்று எப்படிச் சொல்வது? "பையனுக்குங்க" என்றேன்.

பாய் வெள்ளைக் கனெக்டரை ஓரமாக நகர்த்தினார். "சின்னப் புள்ளைக்கு ஸ்க்ரூடிரைவரெல்லாம் வேண்டாமுங்க, கையில குத்திப்போடும். இதை அமுக்குனாப் போதும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு."

இல்லாத பையனின் விரலுக்காகக் கிளிப் வாங்கி வந்தேன். குறை சொல்லக் கூடாது, எஞ்சின் அதன்பின் ஒரே சீராக ஓடியது.

அடுத்த முறை போனால், "தம்பி ரயில் ஓடுதுங்களா?" என்றார். ஓடுகிறது என்றேன். பெயர் கேட்டார், பிரபு. படிப்பு கேட்டார், இரண்டாவது. ஜூன் வந்ததும் நானே அவனை மூன்றாம் வகுப்புக்குப் பாஸ் போட்டேன். நீங்கள் சிரிக்கலாம். தேவையே இல்லாமல் சனிக்கிழமைதோறும் கிளிப் வாங்கப் போனேன். வாரத்தில் ஒருவராவது என் வீட்டைப் பற்றி விசாரிப்பது அவ்வளவு இதமாக இருந்தது.

"ஒருக்காக் கூட்டிட்டு வாங்களேன்" என்று அவர் கேட்கக் கேட்க, பிரபுவை ஒருமுறை அன்னூரில் மாமன் வீட்டுக்கு அனுப்பினேன். இன்னொரு முறை காய்ச்சலில் படுக்க வைத்தேன். அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் ஊரில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் பள்ளிவாசலில் மந்திரித்து வருவது வழக்கம். அடுத்த சனிக்கிழமை பாய் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே கறுப்புக் கயிறு.

"பள்ளிவாசல் அசரத்துகிட்டச் சொல்லி ஓதி வாங்கியாந்தனுங்க. கையில கட்டி உடுங்க. நாளைக்கு நானே ஊட்டுக்கு வாரனுங்க. தம்பியையும் பாத்தாப்புல ஆச்சு, ரயிலையும் பாத்தாப்புல ஆச்சு."

அவர் வர வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! அந்த ரயில் ஓடியதை என்னைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அறையில் இருந்தது ஒற்றைக் கட்டில். கொடியில் தொங்கியதெல்லாம் என் சட்டை. "நாளைக்கு ஊர்ல இருக்க மாட்டமுங்க" என்றேன். இருக்க மாட்டோமாம், நானும் பிரபுவும்.

அதன்பின் அந்தக் கடைக்கு நான் போகவே இல்லை. டவுன்பஸ் அந்த வழியாகப் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சில மாதங்களில் ரயிலையும் பெட்டியில் போட்டு மூடினேன். கல்யாணம் கடைசிவரை ஆகவில்லை. கட்டிவிட ஒரு கை கிடைக்காமல், கயிறு இன்னும் எஞ்சினோடுதான் இருக்கிறது.

மின்விசிறி மாட்டிய மறுநாள் காந்திபுரம் போனேன். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறைகள் தொங்குகின்றன. "அப்படி யாரையும் தெரியலீங்களே" என்றாள் அங்கிருந்த பெண். இரண்டு கடை தள்ளி எலக்ட்ரிக் கடையில், நாக்கு மடக்கும் அந்தக் கனெக்டர் நாலு கேட்டேன். யாருக்கு என்று கேட்டால் இந்த முறை எனக்குத்தான் என்று சொல்லிவிடுவதென்று தயாராக நின்றேன். கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.