தூணோரம் நின்று கேட்ட கச்சேரி

2012 மார்ச். சிட்னியில் எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. மறுநாள் மதியம் விமானம். காலை 10.20-க்கு நானும் என் வீட்டுக்காரரும் குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். மகன் குடியிருப்பது அங்கேதான். நகரத்துக்கு நாற்பது கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். “சாயங்காலம் ஆறு மணிக்குப் பரமட்டா ஸ்டேஷன்ல நில்லுங்க. கார்ல வந்து கூட்டிக்கறேன். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குப் போயிட்டு வீட்டுக்குப் போலாம்” என்று மகன் மூன்று முறை சொல்லி அனுப்பினான். நான் ஈரோட்டில் முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். எனக்கு எந்த நேரத்தையும் ஒரு தடவை சொன்னால் போதும். மூன்று தடவையும் அவன் சொன்னது அவன் அப்பாவைப் பார்த்துத்தான்.

பகல் 1.00. டார்லிங் ஹார்பர் தண்ணீரோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். கடற்பறவைகள் மிரட்டியே பாதியை வாங்கிக்கொண்டன. பிறகு ஆளுக்கொரு காபி. ஒரு கோப்பை மூன்று டாலர் எண்பது சென்ட், நம் காசில் இருநூறு ரூபாய். அதற்கப்புறம் அந்த ஊரில் எந்த நாற்காலியைப் பார்த்தாலும், உட்கார்ந்தால் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

மாலை 3.10. பிர்மான்ட் பாலத்தை நடந்து கடந்து அந்தப் பக்கம் போனதும் மழை கொட்டியது. ஒதுங்க இருந்தது ஒரே இடம், ஒரு பெரிய சூதாட்ட விடுதி. “முருகன் கோயிலுக்குப் போற அன்னிக்கு இதுக்குள்ளயா?” என்றேன். “நாம என்ன சீட்டாடவா போறோம்? மழைக்குத்தானே சாரதா” என்று அவர் முன்னால் நடந்தார்.

உள்ளே தரையெல்லாம் பூப்போட்ட கம்பளம். வரிசை வரிசையாகக் காசு போடும் இயந்திரங்கள். அவற்றின் முன்னால் நம் வயதுக்காரர்கள், பெரும்பாலும் சீனர்கள், பரீட்சை எழுதும் பிள்ளைகளைப் போல நிமிராமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போகும்போது அவர் சட்டென்று நின்றார். “கிடார்” என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பின்னாலேயே போனேன். ஒரு திருப்பத்தில் தாழ்வான மேடை தெரிந்தது. ஒருவர் பியானோ வாசிக்க, பச்சை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தாள். மேடைக்கு முன்னால் வட்ட மேஜைகள், மெத்தை வைத்த நாற்காலிகள். பாதிக்கு மேல் காலி. ஒரு கிழவர் செய்தித்தாளை மார்பில் போட்டுத் தூங்கினார். பெட்டியை உருட்டிக்கொண்டு போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம் ஊர்க் கல்யாண வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடும்போது நாம் பந்திக்கு ஓடுவோமே, அதே மரியாதைதான்.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கருவூல அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்வதற்கு முன்பும், சேர்ந்த பிறகு கொஞ்ச காலமும், ஈரோட்டில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்தவர். அந்தக் கிடாரைக் கோணிச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றியது நான்தான்.

கிடார் வாசித்தவர் பியானோவுக்குப் பின்னால் மறைந்திருந்தார். நாங்கள் நின்ற தூணோரத்திலிருந்து அவருடைய முழங்கையும் ஒரு கால் செருப்பும்தான் தெரிந்தன. “விரல் தெரியலயே” என்று என் வீட்டுக்காரர் எட்டி எட்டிப் பார்த்தார். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாகவே இருந்தன. அங்கே போனால் விரல் நன்றாகத் தெரியும். “போய் உக்காரலாமா?” என்றார். “எவ்வளவுன்னு தெரியாம எப்படி உக்கார்றது? பேசாம வாங்க” என்று நான் அதட்டியது ஒரு பெண்ணின் காதில் விழுந்துவிட்டது. விடுதிச் சீருடையில், கை நிறையக் கண்ணாடிக் குவளைகளோடு போனவள் திரும்பினாள்.

“நீங்கள் தமிழோ?”

யாழ்ப்பாணத்துப் பேச்சு. எனக்கு உயிர் வந்தது. “ஆமாங் கண்ணு. இதுக்கு டிக்கெட் எங்க வாங்கணும்?”

அவளை யாரோ அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டார்கள். “இருங்கோ அன்ரி, இருங்கோ அங்கிள். வாறன்” என்று ஓடிவிட்டாள்.

இருந்தோம். பத்து நிமிடம் ஆயிற்று, இருபது நிமிடம் ஆயிற்று. அவர் வலது முட்டியில் இரண்டு வருடமாக வலி. தூணில் ஒரு கையை ஊன்றி, காலை மாற்றி மாற்றி நின்றார். பாட்டு நடுவே கிடார் மட்டும் தனியாக வாசித்த நேரம் ஒன்று வந்தது. அப்போது அவர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். எனக்குப் பாட்டில் கவனமே இல்லை. அந்தப் பெண் எந்தப் பக்கத்திலிருந்து வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

4.15. பாடகி ஏதோ சொல்லிச் சிரித்தாள். நாலு பேர் கை தட்டினார்கள். மேடை காலியாயிற்று. அப்போதுதான் அந்தப் பெண் வந்தாள்.

“ஐயோ, ஏன் அன்ரி நிண்டுகொண்டு நிக்கிறியள்? அப்பவே இருங்கோ எண்டு சொன்னனான் எல்லே!”

“அதாங் கண்ணு இருந்தோம். நீ வருவேன்னு.”

“எங்கை இருந்தனீங்கள்? நிண்டனீங்கள்!” என்றவள், ஒரு நாற்காலியை இழுத்து அதன் முதுகில் தட்டினாள். “கதிரையிலை இருங்கோ எண்டெல்லே சொன்னனான். இதுக்கு ரிக்கெற் ஒண்டும் இல்லை, ப்ரீ. ஆரும் வந்து இருந்து கேக்கலாம். ஒண்டும் வாங்கவும் தேவையில்லை.”

அவர்கள் ஊரில் ‘இருங்கோ’ என்றால் உட்காருங்கள். நம் ஊரில் ‘இருங்க’ என்றால் பொறுங்கள். ஒரே தமிழில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன், அதுவரைக்கும் சரி.

“அஞ்சேகாலுக்குத் திரும்ப வாசிப்பினம். முன்னுக்கு இருங்கோ அங்கிள், நல்ல வடிவாத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவர் என்னைப் பார்த்தார். “ஒரு பாட்டு மட்டும் சாரதா.”

என் மண்டைக்குள் கணக்கு ஓடியது. பாலம் தாண்டி டவுன் ஹால் ஸ்டேஷனுக்கு இருபது நிமிடம், அங்கிருந்து பரமட்டாவுக்கு ரயிலில் அரை மணி. ஆறு மணிக்கு மகன் வந்து நிற்பான். “ஊருக்குப் போய்க் கேட்டுக்கலாம். வாங்க” என்றேன். கைப்பையில் மகன் கொடுத்த போன் இருந்தது. கொஞ்சம் தாமதமாக வா என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எனக்கு அது தோன்றவே இல்லை என்று எழுத ஆசைதான். தோன்றியது. ஒரு தடவை தீர்மானமாகச் சொன்னதை மாற்றிக்கொள்ளும் வழக்கம் எனக்கு இல்லை. அவரும் மறுபேச்சுப் பேசாமல் வந்தார். அவர் ஒரு தடவையாவது சண்டை போட்டிருந்தால் எனக்கு நல்லதாக இருந்திருக்கும்.

5.20. பரமட்டாவில் இறங்கினோம். மழை விட்டிருந்தது. ஐந்தே முக்காலுக்கு மகன் போன் செய்தான். வழியில் ஒரே நெரிசலாம், வந்து சேர ஆறரை ஆகுமாம். போனை வைத்துவிட்டு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்து நாலைந்து பாட்டுக் கேட்டிருக்கலாம்.

நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அந்த யாழ்ப்பாணத்துப் பெண் சொன்ன ‘இருங்கோ’வே எனக்குக் காதில் நின்றது. கல்யாணமான இந்த முப்பத்திரண்டு வருடத்தில் அவர் கிடாரைப் பற்றிப் பேச்செடுத்த போதெல்லாம் நான் சொன்னதும் அந்தச் சொல்தான். பையன் தூங்கறான், இருங்க. பத்தாவது பரீட்சை வருது, இருங்க. அவனுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும், இருங்க. மனிதர் இருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

அவரைப் பார்க்கத் திரும்பினேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை பெஞ்சின் இரும்புக் கைப்பிடியில் இருந்தது. விரல்கள் கிடார்க் கம்பியைப் பிடிப்பதுபோல ஓரிடத்தில் அழுந்தி, தளர்ந்து, நகர்ந்து இன்னோர் இடத்தில் அழுந்தின. ஒன்றும் பிசகவில்லை. எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது.

“என்ன பாட்டுங்க அது?” என்று கேட்டேன்.

திடுக்கிட்டுக் கையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சத்தம் வரலயே சாரதா” என்றார்.