தம்பியின் வாயால் நான் சொன்ன பொய்

என் தம்பி சொன்னதை நான் மாற்றிச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அவன் கண்ணெதிரே, அவன் காதில் விழும்படியே சொன்னேன்.

இதைவிடச் சுருக்கமாக என் குற்றத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இத்தோடு எழுந்து போனாலும் சரிதான். இருந்து கேட்பதானால் ஒரே ஒரு வேண்டுகோள்... நடுவில் "பாவம், அவளும் என்னதான் செய்வாள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெட்டுப்போனேன்!

தம்பியின் பெயர் தயாளன். வீட்டில் தயா. என்னைவிட எட்டு வயது இளையவன். பிறக்கும்போது மூளைக்குக் காற்று சரியாகப் போகவில்லையாம். அதனால் கைகால்கள் அவன் பேச்சைக் கேட்பதில்லை, நாக்கும் அப்படித்தான். அறிவில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒரு சொல்லை வெளியே கொண்டுவருவதற்குள் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிடும். கேட்பவர்களுக்கு அது வெறும் சத்தம். எனக்கு மட்டும் அது தமிழ். சில நேரம் மலாய். சில நேரம் நல்ல கெட்ட வார்த்தை!

அம்மா இருந்தவரை அம்மாவுக்கும் புரியும். அம்மா போன பிறகு இந்த உலகத்தில் அவன் பேச்சு விளங்கிய ஒரே ஆள் நான்தான். கிளினிக்கில் டாக்டர் அவனிடம் கேள்வி கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். முடி திருத்துபவர் "எவ்வளவு வெட்டட்டும்" என்று என்னைக் கேட்பார். தயா சத்தம் எழுப்புவான், நான் சொல்வேன். இருபது ஆண்டுகள் அவனுடைய நாக்காக இருந்தேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா உங்களுக்கு!

மாசாய் என்ற ஊரில் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் இருவரும் இருந்தோம். எனக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கப் புட்டி மூடிகளைப் பார்த்துக் கோணலானதைப் பொறுக்கிப் போட வேண்டும். விடியும் முன் எழுந்து தயாவைக் குளிப்பாட்டுவேன். பவுடர் போட்டு, தலை வாரி, ரொட்டியை மைலோவில் நனைத்து ஊட்டுவேன். சூடான தண்ணீர் முதுகில் விழும்போது அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முனகுவான். அந்த முனகலைக் கேட்காமல் எனக்கு ஒரு நாளும் பொழுது விடிந்ததில்லை.

பிறகு தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, இரும்புக் கேட்டை வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்புவேன். இன்னொரு சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. மதியம் அவர்கள் வந்து சோறு கொடுப்பார்கள்.

"உள்ள இருக்கிறது நானு. பூட்டு ஏன்க்கா வெளியே இருக்கு?" என்று தயா ஒருநாள் கேட்டான்.

"திருடன் வந்துருவான்லா," என்றேன்.

"திருடறதுக்கு இங்க என்ன இருக்கு? என்னைத்தான் தூக்கிட்டுப் போவணும். தூக்கிட்டுப் போவட்டுமே!"

இருவரும் சிரித்தோம். நான் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்ததற்குக் காரணம் உங்களுக்கு விளங்காது. எனக்கு முப்பத்தொரு வயதில் ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர்தான். எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்று சொல்ல வாய் வராமல், "தம்பிய யாரு பாத்துக்குவா?" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கோயிலில் எனக்குக் கிடைத்த மரியாதை! "விமலா மாதிரி அக்கா யாருக்குக் கிடைப்பா" என்றார்கள். பூசைத் தட்டில் எனக்கு முதலில் விபூதி வந்தது. நான் மறுத்தேனா? இல்லையே... தலையைக் குனிந்து வாங்கிப் பூசிக்கொண்டேன். அன்று தொடங்கி, நான் வேண்டாம் என்று நினைத்த எல்லாவற்றுக்கும் தயாதான் காரணமானான். அவனைக் கேட்காமலே!

மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குத் தசைப் பயிற்சிக்குக் கூட்டிப் போவேன். அங்கேதான் ஆ கியோங் என்ற சீனர் பழக்கமானார். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகெலும்பு ஒடிந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். உடல் ஊனமுற்றவர்களே சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம், தரைத்தளத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தது. அதில் அவர் இருந்தார். குளிக்க, படுக்க, கடைக்குப் போக உதவியாள் வருவார். எப்போது வர வேண்டும், எப்போது போக வேண்டும் என்பதை இவர்தான் சொல்வார். "சாவி என்கிட்ட" என்று மலாயில் சொல்லிச் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

அதே வீட்டில் இன்னோர் அறை காலியாக இருந்தது.

அந்த வாரம் முழுக்கத் தயாவுக்கு அதே பேச்சுதான். அங்கே சன்னல் எந்தப் பக்கம் இருக்கும்? கோழி வளர்க்க விடுவார்களா? "அக்கா, நான் எப்ப தூங்கணும்னு நானே முடிவு பண்ணலாமாம்க்கா!" நாற்பது வயதை நெருங்கியவன் இதைச் சொல்லி மகிழ்ந்தான். அதைக் கேட்டு எனக்கு வெட்கமல்லவா வந்திருக்க வேண்டும்? பயம்தான் வந்தது. இவன் போய்விட்டால் நான் யார்?

சங்கத்திலிருந்து ஒரு மலாய் அம்மையார் வந்தார். நல்லவர். தயாவின் கண்ணுக்கு நேராக வரும்படி தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவனையே கேட்டார். "நீங்களே சொல்லுங்கள். அந்த வீட்டுக்கு வந்து இருக்க உங்களுக்கு விருப்பமா?"

தயா சொன்னான். ஒரு நிமிடம் பிடித்தது. உடம்பே முறுக்கிக்கொண்டது, எச்சில் வழிந்தது. ஆனால் சொன்னான், அவர் மொழியிலேயே சொன்னான். 'வேணும். எனக்கு ரொம்ப வேணும்.'

அம்மையாருக்கு விளங்கவில்லை. எல்லோரும் செய்வதைப்போல அவரும் என்னைப் பார்த்தார்.

"பயமாக இருக்கிறதாம்," என்றேன் நான். "அக்காவை விட்டுவிட்டு வர மாட்டானாம்."

இவ்வளவுதான். இரண்டே வரி.

தயா மறுபடியும் வாயைத் திறந்தான். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. கோபத்தில் அவனுக்குச் சொல் இன்னும் சிக்கும். அவன் களைத்துவிட்டான் என்று நினைத்த அம்மையார் தோளைத் தடவிக் கொடுத்தார். "நல்ல அக்கா" என்று என்னைச் சொன்னார். தாளில் எழுதிக்கொண்டார். நான் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்... ஒரு சொட்டும் சிந்தவில்லை.

அன்று மாலை தயாவுக்குச் சோறு ஊட்டினேன். வாயைத் திறந்தான். மென்றான். விழுங்கினான். ஒரு கவளத்தைக்கூட மறுக்கவில்லை. துப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்!

அடுத்த மாதம் ஆ கியோங் அவனிடமே கேட்டார். "ஏன்லா வரல?" நான் நாற்காலியின் பின்னால் நின்றேன். தயா ஒரே ஒரு சொல் சொன்னான். அவனால் எளிதாகச் சொல்லக்கூடிய, எவருக்கும் விளங்கக்கூடிய மலாய்ச் சொல். "தாக்குத்." பயம்.

என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஏன்? பல முறை என்னை நானே கேட்டிருக்கிறேன். அக்கா மேல் உள்ள அன்பா? அல்லது மறுநாள் காலை அவனைக் குளிப்பாட்ட என்னைவிட்டால் ஆளில்லை என்ற நினைப்பா? அன்பு என்று நம்பத்தான் ஆசை. ஆனால் வெளியில் பூட்டிய வீட்டில் இருப்பவனுக்கு அன்பையும் வழியில்லாமையையும் பிரித்துக் காட்ட முடியுமா, சொல்லுங்கள்!

அதற்குப் பிறகு அவன் எழுத்துப் படிக்கத் தொடங்கினான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். ஆ கியோங் தன் பழைய கைப்பேசியைக் கொடுத்து, பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் சொல்லிக்கொடுத்தார். இடது கைச் சுண்டுவிரலின் முட்டியால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட வேண்டும். தட்டி முடித்ததும் கைப்பேசி அதை மலாயில் வாசிக்கும். அதில் பேசுவது ஒரு பெண் குரல். "எனக்கு எங்க போனாலும் அக்கா குரல்தான் வாய்க்குது" என்று கேலி செய்வான். நானும் சிரிப்பேன். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே அம்மையார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். தயாவே அவருக்குச் செய்தி அனுப்பி வரவழைத்திருந்தான்!

அவர் அதே கேள்வியைக் கேட்டார். தயாவின் தொண்டையில் சத்தம் எழுந்தது. நான் வாயைத் திறந்துவிட்டேன்... பழக்கம். தயா கையைத் தூக்கினான். நான் நிறுத்தினேன். அவன் தட்டத் தொடங்கினான். தேநீர் ஆறிப்போனது. அவன் என்ன எழுதுகிறான் என்பது மூன்றாவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"நான் தனியாக இருக்க விரும்புகிறேன்," என்றது கைப்பேசி. "என்னைக் கேளுங்கள். அக்காவைக் கேட்காதீர்கள்."

ஆ கியோங் இருக்கும் அந்த வீட்டுக்கே போய்விட்டான். இப்போது இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

கோயிலில் "ஹோம்ல போட்டுட்டியாம்மா?" என்று கேட்கிறார்கள். "போடல, அவனாத்தான் போனான்" என்கிறேன். அதையும் எப்படிச் சொல்கிறேன் தெரியுமா? குறை சொல்லும் குரலில். அவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். அந்த உச்சுக்கொட்டலையும் நான் கையேந்தி வாங்கிக்கொண்டுதான் வருகிறேன்!

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்கப் போவேன். உதவியாளர் ஹாஷிமுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன்பு தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவர். தமிழ் தெரியாது. தயாவின் மலாய் பாதி புரியும். புரியாத பாதிக்குத் திரும்பக் கேட்பார். தயா கைப்பேசியில் தட்டும்வரை காத்திருப்பார். எனக்குத்தான் அந்தப் பொறுமை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

போன ஞாயிறு மீன் குழம்பு கொண்டு போனேன். ஆ கியோங் வேலைக்குப் போயிருந்தார். ஹாஷிம் தரை துடைத்துக்கொண்டிருந்தார். தயாவின் முழங்கையில் கன்றிப்போன காயம்.

"என்னடா இது?"

"குளிக்கறப்ப விழுந்தேன்."

"பாத்தியா! இதுக்குத்தான்..."

"விழுந்தேன், ஹாஷிம் தூக்கிவிட்டாரு. நீ விழுந்ததே இல்லியாக்கா?"

கைப்பிடி தடித்த கரண்டியால் தானே சோற்றை எடுத்துத் தின்றான். பாதி சட்டையில் சிந்தியது. துடைக்கப் போன என் கையை நானே இழுத்துக்கொண்டேன். அவன் முகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் சதை போட்டிருந்தான். தலையைக் கோணல் வகிடாக வாரியிருந்தான். நான் ஒருநாளும் அப்படி வாரிவிட்டதில்லை. அவனுக்கு அது அழகாக இருந்தது. என் தம்பிக்கு எந்த வகிடு பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாமல் போயிருக்கிறதே!

எனக்குத் தாங்கவில்லை. நான்கு ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"மன்னிச்சிருடா தயா. அன்னிக்கு அந்தம்மாகிட்ட நான் சொன்னது..."

கரண்டி நின்றது. அவன் கைப்பேசியைத் தொடவில்லை. வாயாலேயே, தமிழிலேயே, எனக்கு மட்டும் விளங்கும்படி மெதுவாகச் சொன்னான்.

"கேக்காதக்கா. நீ கேட்டா நான் சரின்னு சொல்லிருவேன். எனக்கு இன்னும் சரியாவல."

கோபமே இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வழிந்தது.

ஹாஷிம் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னார், காக்?" என்று மலாயில் கேட்டார். காக் என்றால் அக்கா.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? இதற்காகத்தான் இவ்வளவையும் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் செய்தது மட்டும் என்றால் ஒருவேளை அதை என்னோடே வைத்துப் புதைத்திருப்பேன்.

"குழம்பு ரொம்பக் காரமாம்," என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஹாஷிம் நம்பினார். சிரித்துக்கொண்டே தண்ணீர் எடுக்கத் திரும்பினார்.

தயா என்னைப் பார்த்தான். கரண்டியைத் தட்டில் வைத்தான். கைப்பேசியை முழங்கையால் அருகே இழுத்து, சுண்டுவிரல் முட்டியால் தட்டத் தொடங்கினான். ஹாஷிம் தண்ணீர்க் கோப்பையோடு வந்து காத்து நின்றார். நானும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"நான் சொன்னது அது இல்லை," என்றது அந்தப் பெண் குரல்.

ஹாஷிம் என்னைப் பார்த்தார்.

நீங்களும் பாருங்கள்.