எத்திராஜின் அளவுக்கு வைத்த சீட்

வியாழக்கிழமை காலை எத்திராஜின் மனைவி போன் செய்தார். "அண்ணா, அவரு பூட்டாரு. நாலு மணிக்கு எடுக்குறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். தண்டையார்பேட்டையில் லாரி டிரெய்லர் கட்டும் ஷெட்டில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, ஒன்றைத் தவிர.

எத்திராஜ் வெல்டர். ஆறடிக்கு மேல் உயரம். போல்ட், நட்டு எதையும் நம்பாதவர். "போல்ட்டு லூசாவும் மாமு, வெல்டு ஆவாது" என்பார். முதலாளியின் நாற்காலியைத் தரைத்தகட்டோடு சேர்த்துப் பற்றவைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆடுகிறது என்று அவரிடம் போய்ச் சொன்னது முதலாளியின் தப்பு.

கேமரா செல்போன் வந்த புதிதில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பழைய கான்டசா கார் வாங்கினோம். டிரிஃப்ட் போட்டியில் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே வளைய வேண்டும். அதற்கு, கான்டசாவைப் போல எஞ்சின் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டிதான் சரி. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. துருப்பிடித்த அடித்தகட்டை வெட்டி எறிந்து டிரெய்லர் தகடு வைத்தார். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகவே சுற்றும்படி டிஃபரன்ஷியலுக்குள் பல்சக்கரங்களைப் பற்றவைத்தார். பிறகு தெருமுனையில் திரும்பினாலே டயர் கத்தும். நான் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். "இன்னா எத்திராஜு, ஆட்டுக்குட்டிய டிக்கில வெச்சுகினு போறியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். கடைசியாக, ஓட்டுபவர் சீட்டைத் தன் காலுக்கு அளவு பார்த்துத் தரையோடு பற்றவைத்தார். அது முன்னும் நகராது, பின்னும் நகராது. நான் ஐந்தடி நாலு அங்குலம்.

எண்ணூர் பக்கம் ஒரு காலித் திடலில் போட்டி. விதிமுறைத் தாள் மூன்று மாதம் முன்பே வந்தது, ஆங்கிலத்தில். நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். ஹெல்மெட் வேண்டும் என்றேன், தீயணைப்பான் வேண்டும் என்றேன். லைசென்ஸ் வேண்டும் என்ற வரியைச் சொல்லவில்லை. ஷெட்டுக்குள் மட்டுமே வண்டி நகர்த்திப் பழகிய அவரிடம் லைசென்ஸ் கிடையாது என்று எனக்குத் தெரியும். சீட்டைப் பற்றவைத்த அன்றுகூட நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் ஓட்ட ஆசை இருந்தது, அவ்வளவுதான்.

போட்டியன்று வாசலிலேயே லைசென்ஸ் கேட்டார்கள். எத்திராஜ் என்னைப் பார்த்தார். நான் என்னுடையதை எடுத்து நீட்டினேன். அவர் தன் காக்கிக் கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, என் முதுகுக்குப் பின்னால் செருகினார்.

"கால் எட்டுதா?"

எட்டியது. மூன்றாவது வளைவில் தட்டாமாலை சுற்றி டயர் அடுக்கில் போய் மோதினேன். மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"சீட்டு ஆடுச்சா?"

"இல்ல."

"அத்த சொல்லு" என்று சிரித்தார்.

வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, "அந்தத் தாளுல லைசென்ஸ் வேணும்னு போட்டுருந்துச்சா மாமு?" என்று கேட்டார்.

"நான் கவனிக்கல எத்திராஜு" என்றேன்.

திருவொற்றியூர் வரும்வரை பின்னால் கட்டியிருந்த வண்டியையே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "கோட்ட நீயே வெச்சுக்க. சீட்ட அறுக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த இரண்டு மாதத்தில் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து ஷெட்டில் என் மேசைமேல் வைத்தார். அதற்குள் அந்தத் திடல் முழுக்கக் கண்டெய்னர்கள் வந்துவிட்டன. போட்டி மறுபடி நடக்கவேயில்லை.

வியாழக்கிழமை அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டுதான் போனேன். அவர் மனைவியிடம் கொடுத்துவிடுவதாக இருந்தேன்; கொடுக்கவில்லை. நான்காக மடித்தபடி என்னிடமே இருக்கிறது.

கவனித்தேன், எத்திராஜு.